ஆன் தர்க்கெட்டிலுக்கு ஒரு கம்பளி

ஹாம்ஸி கிராமத்தில் எட்வின் தர்க்கெட்டில் வீட்டுச் சமையலறையில், ஜூன் ஒன்பதாம் தேதி காலை, இரண்டாவது நாற்காலியின் மேல் உறைபனி படிந்தது. முதல் நாற்காலியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. வெளியே ரோஜாக்கள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. எட்வின் துணியால் துடைத்தார். டீ ஊறுவதற்குள் நாற்காலி மறுபடி வெள்ளையாகிவிட்டது. மறுநாளிலிருந்து பாலையும் வெண்ணெயையும் அதன் அடியில் வைக்கத் தொடங்கினார். எதையும் வீணாக்குவது தர்க்கெட்டில்களுக்குப் பழக்கமில்லை.

தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் கூடிவரவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். செவ்வாய், வியாழன்களில் பஸ் பிடித்து மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போவார். அங்கே பேனாவுக்கு அனுமதியில்லை என்பதால் சட்டைப்பையில் எப்போதும் மூன்று பென்சில். பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, இருபத்திரண்டு வருடங்களில் தன் முன்னோர் அறுநூற்றுப் பதினோரு பேரைக் கண்டுபிடித்திருந்தார். யாருக்கு எந்த ஞாயிறு ஞானஸ்நானம், யாருக்குக் கல்யாணமான ஐந்தாம் மாதமே பிள்ளை பிறந்தது, எல்லாம் விரல்நுனியில். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெரில் கேட்ச்போலின் கணவர் லென் இறந்தது அவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும்.

உறைபனி ஏன் வந்தது என்பதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அது படிந்ததற்கு முந்தைய நாள்தான் 1683ஆம் வருடத்துப் பதிவேட்டிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்திருந்தார்: ‘ஆன் தர்க்கெட்டில், விதவை, அடக்கம். பிரமாணம் கொண்டுவர ஆளில்லை.’ அந்தக் காலத்தில் கம்பளி வியாபாரம் தழைக்க வேண்டுமென்று, இறந்தவர்களை ஆட்டுக்கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். சுற்றியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் எட்டு நாளுக்குள் சத்தியம் செய்து, சாட்சியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனுக்காக அந்தப் பிரமாணத்தைக் கொடுக்க யாரும் வரவில்லை. தன் ஒன்பதாம் தலைமுறை மூதாய் முந்நூறு வருடத்துக்கு மேலாகக் குளிரில் கிடக்கிறாள் என்று தெரிந்தும், எட்வின் மூன்று வருடம் ஒன்றும் செய்யவில்லை. எதிரே ஒரு கோப்பை டீ வைத்து, வானிலை பற்றியும் பஸ் தாமதம் பற்றியும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீ ஒரு நிமிடத்தில் கட்டியாகிவிடும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மூன்று வருடம் அவர் சந்தோஷமாக இருந்தார்.

நான்காம் வருடம், தவறி வந்த தபால் பொட்டலம் ஒன்றைக் கொடுக்கப் பெரில் வந்தார். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன எட்வின், உங்க நாற்காலிக்குக் குளிர்ஜுரமா?”

எட்வின் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்போ தெரிஞ்சே அந்தப் பொம்பளய மூணு வருஷமாக் குளிர்ல உக்கார வச்சிருக்கீங்க.”

“அவ போயிட்டா இங்க யாரு இருக்கா, பெரில்?”

பெரில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். கம்பளி எங்கே என்று கேட்டார். எட்வின் தன் அம்மாவின் போர்வையை எடுத்து வந்தார். பெரில் ஓரத்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்து, “பாதி நைலான். சட்டத்துக்கு ஆகாது” என்று சொல்லித் தன் வீட்டுக்குப் போய், லென் கடைசிவரை போர்த்திக்கொண்டிருந்த சாம்பல்நிறப் போர்வையைக் கொண்டுவந்தார். கைப்பிள்ளையைத் துணியில் சுற்றுவதுபோல இருவரும் நாற்காலியை அதில் சுற்றினார்கள். குருவானவர் ஹனா டில்னி வந்து நிற்க, கம்பளியில் சுற்றியதைக் கண்ணால் கண்டேன் என்று எட்வின் சத்தியம் செய்தார், பெரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் நாற்காலி காய்ந்துவிட்டது. போர்வையைப் பெரில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, பழைய வரிக்குக் கீழே அதே பழுப்பு மையில், ‘பிரமாணம் வந்தது’ என்றிருந்தது. அங்கிருந்த அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, ஏடு நல்ல நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். எட்வின் வீடு திரும்பி, சும்மா நாற்காலியாகிவிட்ட நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அழுதார். அந்த வாரம் பால் கெட்டுப்போனது.

பெரில் தினமும் வந்து உட்கார்ந்தார் என்றெல்லாம் சொல்வதற்கில்லை. திங்கட்கிழமைகளில் இரண்டு வீட்டுக் குப்பைத்தொட்டிகளையும் சேர்த்து வாசலில் வைப்பார், எப்போதாவது ஜாம் கொடுப்பார். அவ்வளவுதான். ஏழு வருடம் கழித்து ஒரு பிப்ரவரியில் எட்வின் இறந்தார். அறுநூற்றுப் பதினோரு பேரைத் தேடிப் பிடித்தவருக்கு உறவென்று ஒருவரும் வரவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் பெரில் குருவானவரிடம் போய், எட்வினை லென்னுடைய போர்வையில் தன் கையாலேயே சுற்றியதாகவும், அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

“அந்தச் சட்டத்த எடுத்து எரநூறு வருஷமாச்சே, பெரில்.”

“எடுத்தா எடுக்கட்டும். பிரமாணம் கொண்டுவர ஆளு இருந்துச்சுன்னு எழுதுங்க.”

குருவானவர் எழுதினார்.

அன்றுமுதல் ஹாம்ஸி கல்லறைத் தோட்டம் முழுக்க உறைபனி விழும் நாட்களில் இரண்டு இடங்களில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது. ஒன்று எட்வின் கல்லறை. மற்றொன்று வடக்குச் சுவரோரம், கல்லே இல்லாத ஓர் ஆள்நீள இடம். குளிர்காலத்தில் லென்னைப் பார்க்க வரும்போது பெரில் தன் மடக்கு நாற்காலியை எட்வின் பக்கத்தில் போட்டுத்தான் டீ குடிக்கிறார், அங்கே கால் குளிர்வதில்லை.