தோர்பன் பேரில் ஓர் அர்ச்சனை

"அந்த இடது பக்கத்துக்காரன் பெயர் என்ன, நகு?"

நான் ஈரக் காலுறைகளைச் சோடி சேர்த்துக்கொண்டிருந்தேன். "எந்த இடது பக்கத்துக்காரன்?"

"உயரமானவன். தாடி வைத்தவன். இன்றைக்கு முழுக்க அவனைத்தானே திட்டினேன்."

"டேரன்."

"டேரன்," என்று தோர்பன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "டேரன். டேரன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூன்று மாதமாகத் திட்டுகிறாய். பெயர் தெரியாமலா திட்டினாய்?"

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாங்கில் உட்கார்ந்தார். இது நடந்தது 2009 பங்குனி கடைசியில்.

லண்டனில் வால்தம்ஸ்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கால்பந்துக் கிளப். பகலில் வேறு வேலை செய்து, பின்னேரம் பந்தடிக்கிற ஆட்கள். அவர்களுடைய உடுப்புத் தோய்ப்பது என் வேலை. தோர்பன் ராவ்ன்ஹோல்ட் தை மாதத்தில் அங்கே பயிற்சியாளராக வந்தார். நாங்கள் பேசியது டேனிஷில். நான் டென்மார்க்கில், ஹேர்னிங்கில், பதினேழு வருடம் ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்த்தவள். மகள் கௌசியின் படிப்புக்காக லண்டன் வந்து ஆறு வருடம். டேனிஷில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பிற ஆண்பிள்ளையை நான் நீ என்று பேசினேன். வீட்டில் இவரை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தோர்பன் வந்த அன்றைக்கு இவர், என் கணவர் சச்சிதானந்தன், நம்பவேயில்லை.

"எந்த ராவ்ன்ஹோல்ட்?"

"உங்கடை ராவ்ன்ஹோல்ட்தான்."

"விசர்க்கதை கதையாதை. நாட்டுக்கு நாப்பத்துமூண்டு மட்ச் விளையாடின மனுசன் உங்கடை சேத்துக்கை வந்து நிக்கிறானோ?"

"நிக்கிறார். இண்டைக்கு அவரின்ரை காற்சட்டை தோய்ச்சனான்."

இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்துத் தோய், நகுலா. சும்மா காற்சட்டையில்லை அது."

அதன் பிறகு தேத்தண்ணி ஆறும்வரை ஒரே தோர்பன் புராணம். ஹேர்னிங்கில் குளிருக்குள் நின்று இவர் பார்த்த ஆட்டங்கள் எல்லாம் வந்தன. "பந்து உயர வந்தா மற்றவங்கள் யோசிப்பாங்கள். இவன் தலையைக் குடுப்பான். கோலடிக்கிறவனை எல்லாருக்கும் தெரியும். மறிக்கிறவனை ஆருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்." தொண்ணூற்றிரண்டில் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது தோர்பன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் தொலைக்காட்சி பார்த்தார் என்பதைச் சொல்லும்போது இவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு ஜெர்மனியில் விளையாடினார். பிறகு ஊரில் பயிற்சியாளராக இருந்து அணியை மேலே ஏற்றினார். பிறகு நோர்வேயில் பாதிப் பருவத்திலேயே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இந்தச் சேறு.

இப்போது அந்த மனிதர் என் முன்னால் வாங்கில் இருந்தார்.

"நகு, டேரன் மட்டுமில்லை. ஏழு பேருடைய பெயர் எனக்கு நிற்பதில்லை. முகம் தெரிகிறது. யார் எங்கே ஓடுவான், யார் எந்தக் காலால் அடிப்பான், எல்லாம் தெரிகிறது. பெயர் மட்டும் போய்விடுகிறது."

"வயது. எனக்கும்தான் மறக்கிறது."

"எனக்கு நாற்பத்தொன்பது." நெற்றியைத் தட்டிக் காட்டினார். "இதால் எத்தனை பந்து அடித்திருப்பேன் என்று நினைக்கிறாய்? ஒரு நாளைக்கு ஐம்பது. இருபது வருடம். இங்கே வருவதற்கு முன்னமே, டென்மார்க்கில், ஓர்ஹூஸில் டொக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். நல்ல செய்தி இல்லை."

கையிலிருந்த காலுறையை வாங்கில் வைத்தேன்.

"ஆறு ஆட்டம் மிச்சம் இருக்கிறது," என்றார். "இந்த அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் நிறுத்திவிட்டு, கடைசி ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் இருத்தி நானே சொல்வேன். அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற ஓர் அறைக்குள் நான் நுழையக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். சொல்ல மாட்டாயே?"

"யாருக்கும் சொல்ல மாட்டேன்."

கையை நீட்டினார். சவர்க்கார ஈரத்தோடு கை கொடுத்தேன்.

அன்றைக்கே ஒரு வழியும் கண்டுபிடித்தோம். ஆட்டத்தன்று மேற்சட்டைகளைச் சுவர்க் கொளுக்கிகளில் மாட்டுவது என் வேலைதானே. இலக்கப்படி மாட்டாமல், அவர்கள் நிற்கிற ஒழுங்கில் மாட்டினேன். மறிக்கிறவர்கள் ஒரு வரிசை, நடுவில் ஓடுகிறவர்கள் ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளை டேப்பில் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டினேன். தோர்பன் கதவடியில் நின்று சுவரைப் பார்த்துப் பேசுவார். ஒரு பெயரிலும் பிழை வரவில்லை. இரண்டு ஆட்டம் வென்றார்கள்.

"மறிக்கிறவன் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது, நகு," என்றார் ஒருநாள். "ஒன்றும் நடக்காததை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?"

"உடுப்புத் தோய்க்கிறவளுக்கும் அதே கதைதான்."

"அப்படியென்றால் நீயும் டிஃபெண்டர்."

அவ்வளவு சந்தோசமாக இருந்தது எனக்கு. அந்தச் சந்தோசத்தில்தான் கோயிலுக்குப் போனேன்.

சித்திரை பிறக்கப் போகிற நாட்கள் அவை. வன்னியில் போருக்குள் சனம் செத்துக்கொண்டிருந்தது. இவர் வேலைக்குப் போகாத நேரமெல்லாம் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் நின்றார். வீட்டில் ரேடியோ நிறுத்தினதே இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்கு வரிசை வாசல்வரை நின்றது. ஒவ்வொருவரும் அங்கே அகப்பட்டவர்களுடைய பெயர்களைக் கொடுத்தார்கள். சிலருக்குப் பெயர் சொல்லும்போதே அழுகை வந்தது. நான் என் தம்பி முருகேசன், அவன் பெண்சாதி, மகள், மூன்று பேருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன்.

"வேறை?" என்றார் ஐயர்.

"தோர்பன்."

"என்ன பேர்?"

"தோர்பன், ஐயா. நட்சத்திரம் தெரியாது."

எனக்குப் பின்னால் மாலினி நின்றாள். அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கிற சந்திரகுமாரின் பெண்சாதி. ஐயர் தட்டோடு உள்ளே போனதும் என் தோளைத் தட்டினாள்.

"ஆரக்கா அது? கௌசிக்கு மாப்பிள்ளையோ?"

"சீ, இல்லை. கிளப்பிலை கோச்."

"வெள்ளையோ?"

"டென்மார்க்காரர்."

மாலினியின் முகம் மாறிவிட்டது. "என்னக்கா நீங்கள்? நான் சித்தி வீட்டாக்கள் பதினொரு பேரின்ரை பேர் குடுக்க நிக்கிறன். அதிலை எத்தினை பேர் உயிரோடை எண்டும் தெரியாது. நீங்கள் பந்தடிக்கிறவன் வெல்லோணுமெண்டு அர்ச்சனை செய்யிறியளோ? இந்த நேரத்திலையோ?"

முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் உடம்பு கூசிப்போயிற்று. என்னை அப்படி நினைத்துவிட்டார்களே என்றுதான் பட்டது.

"வெல்லுறதுக்கில்லை, மாலினி. அந்த மனுசனுக்குத் தலைக்கை வருத்தம். எல்லாம் மறந்துகொண்டு போகுது. பொடியளின்ரை பேர்கூட ஞாபகமில்லை. நான்தான் எழுதி ஒட்டிவிடுறன். ஒருத்தருக்கும் தெரியாது. தனிய நிண்டு சமாளிக்கிறார்."

"ஐயோ," என்றாள் மாலினி. "பாவம்."

"ஆருக்கும் சொல்லிப்போடாதை."

"நான் ஏனக்கா சொல்லப்போறன்?" என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுத்தினது நிசமான அன்போடுதான்.

சந்திரகுமாருடைய கடை விளம்பரம் எங்கள் மைதானத்தில் இருக்கிறது. அவர் கிளப் கமிட்டியிலும் ஒருவர். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிளப் வேறு, கோயில் வேறு என்று ஆறு வருடமாக நடந்தவள் நான். கிளப்பில் நான் டெலிபோனில் தமிழில் என்ன கதைத்தாலும் ஒருவருக்கும் விளங்காது. தமிழில் சொன்னது தமிழோடு நின்றுவிடும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அன்றைக்கு அந்த எண்ணத்தில் வாயைத் திறந்தேனோ, என்னை நல்லவளாகக் காட்டத் திறந்தேனோ? இரண்டாவதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த செவ்வாய் பயிற்சி. தோர்பன் உள்ளே வந்தபோது நான் துவாய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கத்தலும் இரைச்சலுமாக இருக்கிற அறையில் ஒரு சத்தமில்லை. டேரன் எழும்பி வந்தான். கையை நீட்டி, காது கேளாதவரோடு பேசுகிறமாதிரி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"நான் டேரன், கோச்."

அவனுக்குப் பின்னால் மற்றவனும் வந்தான். "நான் பில்லி, கோச்." பிறகு இன்னொருவன். ஒவ்வொருவராகக் கை கொடுத்துப் பெயர் சொன்னார்கள். கெட்ட எண்ணமில்லை. அன்பாகத்தான் செய்தார்கள். தோர்பன் எல்லோருக்கும் கை கொடுத்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. துவாய்களை அப்படியே விட்டுவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

கிளப் தலைவர் அவரைக் கூப்பிட்டு, உடம்பைக் கவனியுங்கள், மிச்ச ஆட்டங்களை உதவிப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டாராம்.

சந்திரகுமாருக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் தம்பி சொன்னனீர்?"

"அக்கா, நல்லதுக்குத்தானே? அந்தாள் கார் ஓடுது. வழியிலை ஒண்டு நடந்தா? நீங்கள்தான் முதலே சொல்லியிருக்கோணும்."

அவர் சொன்னதும் பிழையில்லை. போனை வைத்தேன்.

"நீ வாயைத் திறவாதை," என்றார் இவர். "ஆர் சொன்னதெண்டு அந்தாளுக்குத் தெரியாதுதானே?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா உன்னோடை இருக்கட்டும். சொல்லி இன்னும் நோகப்பண்ணப்போறியோ?"

வியாழக்கிழமை தோர்பன் தன் சாமான்கள் எடுக்க வந்தார். தோய்க்கிற அறையில் வைத்துச் சொன்னேன். கோயில், வரிசை, மாலினி எல்லாம் சொன்னேன். அர்ச்சனை என்பதற்கு டேனிஷில் சொல் கிடைக்காமல், பெயர் சொல்லிக் கும்பிடுவது என்றேன்.

"நீயா?" என்றார்.

"நான்தான்."

"ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கேட்டேன்." குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "என்னைப் பற்றி உன் கடவுளிடம் யார் பேசச் சொன்னது? நான் கேட்டேனா? இந்த ஊரில் என் பாஷை பேசினது நீ ஒருத்தி. இனி என்னோடு ஆங்கிலத்தில் பேசு." கதவை அடித்துச் சாத்தினார். கொளுக்கியில் இருந்த சட்டை ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி தோய்த்தேன். அழுக்காகவில்லை, ஆனாலும் தோய்த்தேன்.

அடுத்த வியாழன், ஊருக்குப் போகிறதுக்கு முதல் நாள், அவர் மறுபடி வந்தார்.

"நகு!" என்றார் டேனிஷில். முகம் மலர்ந்திருந்தது. "விடைபெறாமல் போவேனா?"

எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "வா, உட்கார். தேத்தண்ணி போடவா?"

"வேண்டாம், டாக்ஸி நிற்கிறது." வாங்கில் உட்கார்ந்தார். கொஞ்சம் குனிந்து, இரகசியம் கேட்கிறமாதிரிக் கேட்டார். "ஒன்று சொல். அவர்களுக்கு யார் சொன்னது என்று உனக்குத் தெரியுமா?"

குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த முகத்தில் போன வியாழன் இல்லவே இல்லை. வீட்டில் இவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தெரியாது என்று ஒரு சொல் போதும்.

"நான்தான், தோர்பன்."

"நீயா?"

அதே முகம். முதலில் கண் சுருங்கியது, பிறகு வாய். ஒரு மனிதரை ஒரே இடத்தில் இரண்டு தரம் அடித்த மாதிரி.

"போன கிழமையும் உனக்குச் சொன்னேன்," என்றேன் அவசரமாக.

"எனக்கா?"

"இந்த அறையில்தான். நீ அங்கே நின்றாய்."

கதவடியைப் பார்த்தார். உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்தார்.

"எனக்கு ஞாபகமில்லை," என்றார் மெல்ல. "நான் என்ன சொன்னேன்?"

வெளியே டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"பரவாயில்லை என்றாய்," என்றேன். "கடவுளிடம்தானே போய்ச் சொன்னாய், அதுக்கென்ன என்று சிரித்தாய். கோபமில்லை என்று கையும் தந்தாய்."

"அப்படியா சொன்னேன்?"

"ஓம்," என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. டேனிஷில் திருப்பிச் சொன்னேன். "ஆமாம். அப்படித்தான்."

அவர் யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்தார். "நான் நல்ல ஆள்தான் போல. சரி, சொன்னது சொன்னதுதான்." எழும்பி என்னைக் கட்டிப் பிடித்தார். நான் கையைத் தூக்கவில்லை. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது இவர் பாராளுமன்றத்தடியிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரோ?"

"போயிட்டார்."

"கோவமோ இன்னும்?"

"இல்லை. மன்னிச்சிட்டாராம்."

"ஆர் சொன்னது?"

"நான்."

இவருக்கு விளங்கவில்லை. மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு, பசிக்குது என்றார். சோற்றைச் சூடாக்கப் போனேன்.