தடித்த ஸ்பிரிங்

ஓய்வுபெற்ற நீதிபதி கோர்னேல் வாழ்நாளில் யாரையும் மன்னித்ததில்லை. முதன்முதலாக மன்னித்தது மனைவி ஹெத்விக்கைத்தான். அதுவும் அவள் செய்யாத குற்றத்துக்கு.

மாமனார் விட்டுப்போன கடிகாரம் கால் மணிக்கொரு தரம் பாடும். பாட்டுக்கான ஸ்பிரிங் அறுந்ததும் அவர் செகெத் நகரச் சந்தைக்குப் போனார். பழைய துண்டைக் கொண்டுவந்து அளந்து வாங்கும்படி கடிகாரச் சாமான் கடைக்காரி பிரோஷ்கா சொன்னாள்.

"அளவென்னம்மா அளவு? எங்க வீட்டுக்கு இருக்கிறதுலயே தடியா குடு!"

அதையே மாட்டினார்.

ஞாயிறு பூசை முடிந்து சாவி கொடுப்பது வீட்டு ஆண்பிள்ளையின் உரிமை. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல், ஹெத்விக் கொடுத்தாள். முறுக்குத் தாங்காமல் உள்ளே சக்கரத்தின் பற்கள் உதிர்ந்தன.

"ஒரு சுத்து அதிகமா முறுக்கிட்டேன் போல. அப்பா கடிகாரத்தை நானே கொன்னுட்டேனே!" என்று அழுதாள்.

தடித்த ஸ்பிரிங்தான் காரணம் என்று கோர்னேல் அப்போதே சொல்லியிருக்கலாம். "போனாப் போகுது, மன்னிச்சுட்டேன்" என்றுதான் வாயில் வந்தது. மைத்துனரின் பெயருக்குரிய புனிதர் திருநாள் விருந்தில் ஒயின் கிண்ணத்தை உயர்த்தி, சபையறிய இன்னொரு தரம் மன்னித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஹெத்விக் மட்டும் மீன் சூப்பிலிருந்து தலை நிமிரவில்லை. அன்று அவர் தொண்டையில் சிக்கிய முள் இறங்கவே இல்லை. காப்பி அரைக்கும் மெஷினின் கைப்பிடியைக்கூட அவள் இப்போது பயந்து பயந்துதான் சுற்றினாள்.

சக்கரத்துக்குப் புதுப் பல் வைத்தாயிற்று. சரியான ஸ்பிரிங் வாங்க அவர் தனியாகத்தான் கிளம்பினார். அவளும் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"வாங்க நீதிபதி ஐயா! பழைய துண்டு எங்கே? அகலம், தடிமன் பார்க்காம இனி குடுக்க மாட்டேன்" என்றாள் பிரோஷ்கா.

"அது குப்பைக்குப் போயிடுச்சுன்னாரே" என்றாள் ஹெத்விக்.

சாட்சியத்தை அழிக்கும் பழக்கம் கோர்னேலுக்கு இல்லை, ஒளிக்கும் பழக்கம்தான். கோட்டுப் பையில் அறுந்தது, தடித்தது இரண்டு ஸ்பிரிங்கும் கனத்தன. துண்டு இல்லை என்று சொன்னால் கடிகாரம் இனிப் பாடாது. எடுத்தால் வண்டவாளம் வெளியே வரும். இரண்டையும் எடுத்து வைத்தார்.

"அடக் கடவுளே! கன்னுக்குட்டி கொட்டில்ல காளையைக் கட்டியிருக்கீங்க. யாரு சாவி குடுத்திருந்தாலும் பல்லு போயிருக்கும்!"

ஹெத்விக் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை இல்லையா?"

"சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு..." என்று கோர்னேல் தொண்டையைச் செருமினார்.

"தீர்ப்பு வேண்டாங்க. யாரு தப்பு?"

"என் திமிரு, ஹெத்விக்."

இப்போது ஞாயிறுதோறும் ஹெத்விக்தான் சாவி கொடுக்கிறாள். கடிகாரம் பாடும்போதெல்லாம் கோர்னேல் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். அவள் அவரை மன்னித்தாளா என்பது தெரியாது. கேட்க அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.