பாறையடியில் எங்கள் இடம்

எங்கள் இடத்தை அன்றைக்கு விட்டுக்கொடுக்கும்படி ஆனது என் மனைவி ஹெதரின் முழங்காலால்தான். மணி பத்துகூட ஆகவில்லை. ஆகஸ்ட் விடுமுறைத் திங்கட்கிழமை, வெயில் இங்கிலாந்துக்குச் சற்றும் பொருந்தாதபடி காய்ந்துகொண்டிருந்தது. பாதி நாட்டு ஜனம் எங்கள் கடற்கரையில் கிடந்தது. கூழாங்கற்கள் மேல் கால் வைக்க இடமில்லை. ஹெதர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள். கழிப்பறை பாறைக்கு மேலே, கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. நடுவில் எழுபத்து மூன்று இரும்புப் படிகள்.

"ஏறிட்டேன்னா திரும்ப இறங்க மாட்டேன் டெரிக். இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப நான் மட்டும் இங்க ஒக்காந்து அலைய எண்ணிட்டு இருக்கவா?"

"எண்ணிட்டு இரு. மேல டீக்கடையில ஃபேன் ஓடுது. எலுமிச்சை கேக் வேற இருக்கும்."

கேக் என்று வந்த பிறகு நான் என்ன பேசுவது? மூட்டை கட்டினோம்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல இடம் அது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை அங்கே சுவர் மாதிரி நிற்கும். அதன் காலடியில் உள்வாங்கிய ஒரு மடிப்பு, இரண்டு நாற்காலிக்கு அளவெடுத்தது போல. பதினோரு மணிவரை நிழல் இருக்கும், காற்றும் அடிக்காது. முப்பத்து நான்கு கோடைகளாக, கூட்டம் வருகிற நாட்களில் நான் காலை ஏழு மணிக்கே போய்க் கம்பை ஊன்றித் துணித்தடுப்பைக் கட்டிவிடுவேன். கட்டிவிட்டால் அது நம் இடம், ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தை யாருக்கோ அனாமத்தாக விட்டுப்போக மனசு வரவில்லை. நேரம் மிச்சமுள்ள பார்க்கிங் சீட்டைக் கிளம்பும்போது அடுத்த காருக்குக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் நான். தகுந்த ஆளாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று சுற்றிப் பார்த்தேன்.

ஓர் இளம் தம்பதி, நாலு வயசுப் பெண் குழந்தையோடு, பைகளைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி அலைந்தார்கள். கூப்பிட்டேன். கோவென்ட்ரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தார்களாம். அவன் பெயர் எலியட், அவள் ப்ரியனி. குழந்தை மேபலுக்குத் தோளெல்லாம் ஏற்கனவே சிவந்திருந்தது. எலியட் பைகளைத் தொப்பென்று போட்டுவிட்டு, "நீங்க தெய்வம்ங்க" என்றான். ப்ரியனிதான் அண்ணாந்து பாறையைப் பார்த்தாள்.

"மேல போர்டு பாத்தோமே. பாறை விழும், பக்கத்துல ஒக்காராதீங்கன்னு."

"அது நான் பொறக்கறதுக்கு முந்தியே வச்ச போர்டும்மா. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா காட்டறதுக்கு வேணும்ல? முப்பத்தி நாலு வருஷமா இங்கதான் ஒக்கார்றோம். என் சாண்ட்விச்சுல ஒரு தூசி விழுந்ததில்ல."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஹெதர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெளியாட்கள் முன்னால் புருஷனைத் திருத்துவது அவள் வழக்கமில்லை. துணித்தடுப்பையும் அவர்களிடமே விட்டுவிட்டு, சாயங்காலம் மேலே கடையில் கொடுத்தால் போதும் என்றேன்.

இருபது படி ஏறியதும் மூச்சு வாங்க நின்றோம். அங்கே ஹெதர் ஆரம்பித்தாள்.

"அந்தக் கல்லப் பத்திச் சொல்லியிருக்கலாம்."

"எதுக்கு? குழந்தையோட வந்திருக்காங்க. பயமுறுத்தணுமா?"

"குழந்தையோட வந்திருக்காங்க, அதனாலதான் சொல்றேன். ஜூன்ல ஃபிளாஸ்க் பக்கத்துல வந்து விழுந்துதே, அது தூசியா? ஒன் தலை அளவு இருந்துது. போன வாரம் வேற ரெண்டு விழுந்துது."

"என்ன கல்லு?"

கேட்டது ஹெதர் இல்லை. எங்களுக்கு மூன்று படி கீழே ப்ரியனி நின்றிருந்தாள். ஒரு கையில் ஹெதர் மறந்துவிட்டு வந்த தொப்பி, மறு கையில் மேபல். ஒன்றுமில்லை, சின்னதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள். குழந்தையின் கையை எடுத்து ஹெதர் கையில் வைத்து, "இவளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. எலியட் முட்டிபோட்டு, சாய்ந்துவிட்ட கம்பைக் கல் நடுவே அழுத்திக்கொண்டிருந்தான். அவள் ஜனங்களைத் தாண்டித் தாண்டி, அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினாள். அவன் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, கையை ஆட்டினான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், அவ்வளவுதான். பாறையின் முகம் கழன்று அப்படியே கீழே இறங்கியது. வெள்ளைப் புழுதி எழுந்து அவனை மூடியது, அவளை மூடியது, பின்னால் இருந்த கடலையும் மூடியது. மேலே வேலியோரம் யாரோ "ஓ!" என்று குரல் கொடுத்துக் கைதட்டினார்கள். பாறைக்கு நேர் அடியில் ஆள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

இறங்கியது எனக்கு நினைவில்லை. புழுதிக்குள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள், தலைமுதல் கால்வரை வெள்ளை. இருமிக்கொண்டும் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டும் வந்தார்கள். ஒருத்தி என்மேல் மோதி, "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பாறைப் பக்கமே நடந்தாள். குரலை வைத்துத்தான் ப்ரியனி என்று தெரிந்தது. பின்னாலேயே போனேன்.

வீட்டு உயரத்துக்குச் சுண்ணாம்புக் கட்டிகள் குவிந்து கிடந்தன. ஏழெட்டுப் பேர் ஏற்கனவே கையால் வாரிப்போட ஆரம்பித்திருந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். நீச்சலுடையில் இருந்த ஒரு பெரிய ஆள் கத்தினார்.

"மேல இன்னும் தொங்குது! ரொம்ப நேரம் நிக்க முடியாது! உள்ள மாட்டிக்கிட்டவரு எந்த எடத்துல இருந்தாரு? யாருக்காவது தெரியுமா?"

ப்ரியனி குவியலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இவருக்குத் தெரியும்" என்றாள் அவர்களிடம். "இது இவரோட எடம். சொல்லுங்க, எங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். மடிப்பு இல்லை. துணித்தடுப்பு இல்லை. அதற்கு மேலே எப்போதும் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கு இல்லை. புதிதாக வெள்ளையடித்த மாதிரி ஒரு சுவர், அதில் எந்த அடையாளமும் இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்து போய்விடுவேன் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட இடம்.

"எங்கங்க?" அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

கையைத் தூக்கி, குத்துமதிப்பாக நடுவில், சற்று இடதுபுறமாகக் காட்டினேன். "அங்க."

மூலைக்கொருவராக இருந்தவர்கள் தாங்கள் தோண்டிய குழிகளை அப்படியே விட்டுவிட்டு என் விரல் காட்டிய இடத்துக்கு ஓடினார்கள். ப்ரியனி எல்லோருக்கும் முன்னால் போய் விழுந்து, இரண்டு கையாலும் பறிக்கத் தொடங்கினாள்.