இருட்டுக்குப் போட்ட பிரசவ வாட்டு

பெர்னடெட் மிஸ்ஸுக்கு ஒருவர்மேல் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள், சோக்கட்டியைத்தான் எடுப்பாள். யாழ்ப்பாணத்துத் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஒன்றின் விறாந்தையில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. எந்தப் பிள்ளை பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்த வாட்டில் எப்போது பயிற்சிக்கு நிற்கவேண்டும் என்று அதில் எழுதும் அதிகாரம் அவளுடையது. சின்ன வேலைதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அக்காவின் கலியாணத்துக்குப் போவதா, காய்ச்சலோடு எழும்பி வருவதா என்று தீர்மானித்தார்கள்.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. சந்திக்குச் சந்தி இந்திய இராணுவம் காவல் நின்றது. பாடசாலை விடுதியின் பாதி இடிந்து கிடந்ததால் தூரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கட்டில். மற்றவர்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். வீதி திறந்தால் வருவார்கள், மூடினால் வரமாட்டார்கள். இந்தச் சீரற்ற வரவுகளையெல்லாம் கோத்து, ஒருவருடைய பயிற்சியும் கெடாமல் வாட்டுகளை ஒதுக்குவதில் பெர்னடெட்டை வெல்ல ஆளில்லை. கோப்பாயிலிருந்து வந்த ஒருத்திக்குக் கைக்குழந்தை என்று பால் கொடுக்கும் நேரம் பார்த்து முறை போட்டவள் அவள். எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி அவளுக்குப் பிடிக்கும், அதை மறைக்கவும் மாட்டாள்.

பத்மாசினி என்ற இரண்டாம் வருடத்துப் பிள்ளை ஒருநாள் அவளுடைய அறை வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிரசவ வாட்டுப் பயிற்சி வரப்போகிறது. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு கிழமை, பதினான்கு நாளும் இடைவிடாமல் நிற்கவேண்டும். இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். முடிக்காதவள் பரீட்சைக்கு இருக்கமுடியாது, பரீட்சைக்கு இராதவளுக்குப் பயிற்சியிலும் இடமில்லை. விட்டுவிட்டு நின்ற நாட்களை ஒட்டிக் கணக்கில் எடுக்கும் உரிமை பெர்னடெட்டுக்கு மட்டும் இருந்தது.

“மிஸ், நிலவுக்கு எண்டால் நான் எத்தினை நாளும் விடுதியிலை நிப்பன். இருட்டுக்குத்தான் ஏலாது,” என்றாள் பிள்ளை.

வேறு யாராக இருந்தாலும் இவளுக்கென்ன பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். பெர்னடெட்டுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவள் குருநகரில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். நிலவு வெளிச்சத்தில் வலை மீனுக்குத் தெரிந்துவிடும். ஆண்கள் வீட்டில் நிற்பார்கள். இருட்டுக்காலம் வந்தால் ஒருவர் மிச்சமில்லாமல் கடலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளையின் தாய் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. வீட்டில் வேறு பெண் கிடையாது. தகப்பன் வீட்டில் நிற்கும் நிலவுக்காலத்தில்தான் இவள் வெளியே வரலாம். கலைந்த தலைமயிர்போலத் தெரிந்த அந்த வரவு, கடல் தெரிந்தவளுக்கு நேர் வகிடுபோலத் தெரிந்தது. பெர்னடெட்டுக்கு அந்தப் பிள்ளைமேல் அந்தக் கணத்தில் உண்மையாகவே ஒரு வாஞ்சை வந்தது. எந்த ஊர் என்று கேட்டாள். மயிலிட்டி என்றாள். ஆருடைய மகள் என்று கேட்டாள்.

“ஆழ்வாப்பிள்ளைச் சம்மாட்டியாற்றை மகள், மிஸ்.”

வாஞ்சை அவ்விடத்திலேயே செத்தது.

பெர்னடெட்டுக்கு சிமியோன் என்று ஒரு தம்பி இருந்தான். தாய் செத்தபின் அவள் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தவன். பருத்தித்துறைப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தொழிலுக்குப் போனான். எண்பத்தாறில் ஒருநாள் நடுக்கடலில் அவனுடைய படகின் இயந்திரம் நின்றுவிட்டது. கடலில் ஒரு வழக்கம் உண்டு. துடுப்பில் துணியைக் கட்டி உயர்த்தினால், கண்டவன் வலையை அறுத்துவிட்டாவது கிட்டப் போகவேண்டும். கோயில் வேறு, சாதி வேறு, நேற்றுவரை வெட்டுக்குத்து என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது. சிமியோன் இடுப்பில் உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்துத் துடுப்பில் கட்டி உயர்த்தினான். ஒரு படகு வந்தது, முகம் தெரியும் தூரத்துக்கு வந்தது. பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டது. காற்று எழும்பிச் சிமியோனின் படகு கவிழ்ந்தது. கூடப் போன இன்னாசித்தம்பி மட்டும் வேறொரு படகில் கரைக்கு வந்து, விலகிப் போனது மயிலிட்டிச் சம்மாட்டி ஆழ்வாப்பிள்ளையின் சொந்தப் படகு என்று சொன்னான். சிமியோனின் உடல் கரைக்கு வரவேயில்லை. அன்றிலிருந்து பெர்னடெட் பூசைக்குப் போய் முழங்காலில் நின்றதெல்லாம் தம்பியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சுவாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டது வேறு. அந்தோனியாரே, உவனை ஒருநாள் என்ரை கையிலை தா என்று கேட்டாள்.

அந்தோனியார் தந்துவிட்டார். அவனைத் தராவிட்டால் என்ன, மகளைத் தந்தாரே.

யோசித்துப் போடுகிறேன் என்று பிள்ளையைத் தேன் ஒழுகப் பேசி அனுப்பிவிட்டு, பெர்னடெட் விறாந்தைக்குப் போய்ச் சோக்கட்டியை எடுத்தாள். பத்மாசினி என்ற பெயருக்கு நேரே பிரசவ வாட்டை இருட்டுக்குப் போட்டாள். நிலவுக்காலத்தில், அந்தப் பிள்ளை இரவு பகலாக நிற்கக்கூடிய நாட்களில், வெறும் வகுப்புகளைப் போட்டு நிரப்பினாள். அந்தப் பாடசாலையில் வேறு எவருக்கும் இவ்வளவு பிசகாமல் ஒரு கேட்டைச் செய்யத் தெரிந்திராது. அதற்குக் கடற்கரையில் பிறந்திருக்கவேண்டும்.

பிள்ளை பலகையைப் பார்த்துவிட்டுத் தவறாக எழுதப்பட்டுவிட்டது என்று ஓடிவந்தாள். வாட்டில் கேட்ட நாட்கள் அவை, நான் என்ன செய்ய என்றாள் பெர்னடெட். பச்சைப் பொய். பத்மாசினி அயலில் ஒரு பெண்ணைக் கெஞ்சித் தாயோடு விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றாள். ஒரு கிழமை தாண்டுமுன் தாய் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஓடினாள். பயிற்சி முறிந்தது. அடுத்ததையும் பெர்னடெட் இருட்டுக்கே போட்டாள். அந்தமுறை வீதி மூடிப்போய், அதுவும் முறிந்தது.

கூடப் படிப்பிக்கும் கமலாவதி, மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் இவளுக்கும் நாட்களை ஒட்டிவிடலாமே என்று கேட்டாள். சட்டம் என்றால் சட்டம் என்றாள் பெர்னடெட். அவளுடைய வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததைக் கமலாவதி அதற்குமுன் கேட்டதில்லை. பிரசவ வாட்டில் அந்தப் பிள்ளைக்கு நல்ல கைராசி, நோக்காட்டில் கத்துகிற பெண்கள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் கமலாவதி சொன்னாள். அதைக் கேட்டு மனம் இளகியிருக்கவேண்டும். பெர்னடெட்டுக்கு வயிறு இன்னும் எரிந்தது. என் தம்பியைத் தண்ணீரில் விட்டவனுக்கு இப்படி ஒரு மகளா என்று எரிந்தது.

பரீட்சைக்கு முன் ஒரு வாய்ப்புத்தான் மிச்சம். அதையும் இருட்டுக்குப் போட்ட மறுநாள் பின்னேரம், ஆழ்வாப்பிள்ளையே பாடசாலை முற்றத்துக்கு வந்துவிட்டார். நரைத்த மனிதர். சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். ஓலைப்பையில் நல்ல விளைமீன் இருந்தது. மகளுக்காகக் கதைக்க வந்த தகப்பனுக்கு எவ்வளவு பணிவு வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. தான் யாரிடம் வந்திருக்கிறார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பெர்னடெட் அவரை முழுதாகச் சொல்லி முடிக்க விட்டாள்.

“நான் சிமியோன்ரை அக்கா,” என்றாள் பிறகு.

ஆழ்வாப்பிள்ளை ஓலைப்பையை மெல்ல நிலத்தில் வைத்தார். இல்லை, நான் காணவில்லை என்று அவர் சொல்லப்போவதற்கு என்னென்ன பதில் கொடுக்கலாம் என்று பெர்னடெட் மூன்று வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

“கண்டனான்,” என்றார் அவர். “சாரம் கட்டி நிண்டதைக் கண்டனான். ஆர் எண்டும் தெரியும்.”

அவளுடைய பதில்கள் எல்லாம் வீணாகிப்போயின. அவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார். அன்று வீதி மூடியிருந்தது. நெல்லியடியில் மகளுக்குப் பள்ளிச் சோதினை. விட்டால் ஒரு வருடம் போய்விடும் என்று கடலால் கொண்டுபோனார். பிள்ளை படங்குத் துணிக்குக் கீழே, கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். சிமியோனின் படகை நெருங்கும்போது அப்பால் கடற்படையின் ரோந்துப் படகு ஒன்று தெரிந்தது. நின்றால் பிடிபடவேண்டும்.

“தனிய எண்டால் நிண்டிருப்பன். பொம்பிளைப் பிள்ளை, தங்கச்சி.”

“என்னைத் தங்கச்சி எண்டாதையுங்கோ.”

பிறகு மகளுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார் அவர்.

பெர்னடெட்டுக்கு இரக்கம் வந்ததா என்றால், வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினாள். மகளுடைய படிப்பைக் கெடுத்தால் இந்த மனிதனுக்கு ஒரு கவலைதான் மிஞ்சும். கவலையோடு மகளை மடியில் வைத்துத் தேற்றுவான். அதைவிட நல்ல வழி ஒன்று இருப்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

“மாத்திப் போடுறன். நிலவுக்கே போடுறன்,” என்றாள். “நீங்கள் உதை அவளுக்குச் சொல்லவேணும். இப்பவே, எனக்கு முன்னாலை.”

வேறு என்னவென்றாலும் கேளுங்கோ என்று அவர் கும்பிட்டார். வேறு ஒன்றும் வேண்டாம் என்றாள். அவர் வாட்டுப் பக்கம் பார்த்தார். மகளுடைய படிப்பு இத்தோடு நின்றுபோனால், அந்தச் சோதினைக்காகத் தான் செய்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும் என்று முனகினார். கூப்பிடுங்கோ என்றார்.

பத்மாசினி வெள்ளைச் சட்டையோடு வந்தாள். தகப்பனைக் கண்டதும் அம்மாவுக்கு ஏதுமோ என்று பதறினாள். அவர் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. பிள்ளை எல்லாம் முடிந்தபின் ஒன்றுதான் கேட்டாள்.

“அவர் எங்களைக் கூப்பிட்டவரோ அப்பா?”

“ஓம்.”

“என்னெண்டு?”

ஆழ்வாப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அண்ணை எண்டு.”

இது பெர்னடெட்டுக்கும் தெரியாத சங்கதி. இன்னாசித்தம்பி சொல்லியிருக்கவில்லை. அவள் திரும்பி விறாந்தைக்கு நடந்து, இருட்டுக்குப் போட்டிருந்ததைச் சட்டைக் கையாலேயே அழித்துவிட்டு நிலவுக்கு எழுதினாள். எழுதும்போது திகதியை ஒருமுறை பிழைவிட்டுத் திருத்தியது உண்மை. அன்றிரவு அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்பதும் உண்மை. மூன்று வருடமாக எரிந்த நெஞ்சு குளிர்ந்தது. பழிவாங்கினால் நிம்மதி கிடைக்காது என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வதெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டு படுத்தாள்.

பத்மாசினி பயிற்சியை முடித்தாள், பரீட்சையில் முதலாவதாக வந்தாள். மயிலிட்டிக்கு மட்டும் அவள் திரும்பவில்லை. தாயை ஒரு காரில் ஏற்றி நெல்லியடியில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். மறுப்பதற்கு அந்தத் தாய்க்கு நாக்கு வழங்காது. மறிப்பதற்கு ஆழ்வாப்பிள்ளைக்கு முகம் இல்லை. விடுதியில் ஒரு கட்டிலை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நிலவோ இருட்டோ, எந்த முறை போட்டாலும் நின்றாள்.

தொழில் இல்லாத நிலவு நாட்களில் ஆழ்வாப்பிள்ளை வந்து பாடசாலைக் கேற்றடியில் நின்றார். உள்ளே வரக் கேட்கவில்லை. காவலாளி போய்ச் சொல்வான். டியூட்டியில் நிற்கிறேன் என்று பிள்ளை சொல்லி அனுப்புவாள். முதல் தடவை பெர்னடெட் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து அதைப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு அவருடைய தோள்கள் சட்டைக்குள் ஒடுங்கிப்போவது தெரியத் தொடங்கியதும் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்திக்கொண்டாள். சாத்தினாலும் மனிதன் நிற்பது தெரிந்தது. இவ்வளவு தூரம் நான் கேட்கவில்லையே என்று அந்தோனியாரிடம் முறையிட்டாள். கேட்டது அவள்தான், அளவு சொல்லிக் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம், வாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த பத்மாசினியிடம் போனாள். வெயிலுக்குள் நிற்கிறார், போய் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு வா என்றாள்.

பிள்ளை கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். “நீங்கள் அவரை மன்னிச்சிட்டீங்களோ, மிஸ்?”

ஓம் என்று சொல்லிவிடலாம். அதே வாயால் எத்தனையோ பொய்களை இந்தப் பிள்ளைக்குச் சொன்னவள்தான். இம்முறை வரவில்லை.

“இல்லை.”

“நீங்கள் தம்பியைப் பறிகுடுத்தனீங்கள். எனக்காகத்தான் அவர் செத்தவர்,” என்றாள் பத்மாசினி. “அப்ப நான் மட்டும் என்னெண்டு மிஸ் போய்ப் பாக்கிறது?”

உள்ளே ஒரு பெண்ணுக்கு நோக்காடு கண்டு சத்தம் கேட்டது. பிள்ளை துணிகளை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அன்றைக்குக் காவலாளியும் லீவு. மகள் வரமாட்டாள் என்பதைப் பெர்னடெட்தான் கேற்றடிவரை நடந்துபோய் ஆழ்வாப்பிள்ளையிடம் சொல்லவேண்டியிருந்தது.