வலக்கைக்குப் பின்சக்கரம்

எங்கள் மலைச்சரிவுத் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: சறுக்கு ராணி. வைத்தவன் என் கொழுந்தன் ரூபியெல். மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு திங்கட்கிழமை காலை, தூறலில், அர்செசியோவின் பெட்டிக்கடை வளைவில் சைக்கிளோடு விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கடை வாசலில் கறுப்புக் காபி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். தூக்கிவிட்ட கையோடு சிரிக்கவும் செய்தார்கள்.

நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. நாய் குறுக்கே வந்தது, வலக்கையால் பின் ப்ரேக்கைத்தான் பிடித்தேன், ஆனால் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்ல ஆரம்பித்தேன். "பின் ப்ரேக்கப் பிடிச்சா முன் சக்கரம் எதுக்கு அண்ணி வழுக்கப் போவுது?" என்று கேட்டான் ரூபியெல். அவன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுப்பவன். பொகொட்டாவில் சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவன் சொன்னால் அது முடிந்த பேச்சு என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. என் புருஷன் அல்சிதெஸும் தம்பிக்குத்தான் தலையாட்டினார். போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதற்றத்தில் கை மாறியிருக்குமோ? மணிக்கட்டு வலியைவிட அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

விழுந்த சைக்கிளை நான் கட்டோடு படுத்திருந்தபோதே ரூபியெல் காயலான் கடையில் போட்டுவிட்டான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அவன் எப்போதும் நல்லதுதான் செய்வான், யாரையும் கேட்காமல்.

எனக்கு வேலை மலைக்குக் கீழே ரெஸ்த்ரெப்போ என்ற பேட்டையில், செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுவது. கை கூடும்வரை பெட்டிக்குப் பசை தடவ விட்டார்கள். போக வர பஸ். எங்கள் மேட்டிலிருந்து கிளம்பும்போதே அது பிதுங்கி வழியும். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எவனெவனுடைய முழங்கைக்கோ விலாவைக் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். சைக்கிளில் போகிறவள் தன் நேரத்துக்குத் தானே எஜமானி. அந்த ருசி கண்டவளை பஸ்ஸில் அடைக்க முடியாது.

கட்டுப் பிரித்து, மறுபடி கத்தி பிடிக்க ஆரம்பித்த வாரமே வீட்டில் சொன்னேன்.

"சனிக்கிழமை சைக்கிள் வாங்கப் போறேன்."

அல்சிதெஸ் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "அதான் ஞாயித்துக்கிழமை பெரிய ரோட்டையெல்லாம் சைக்கிளுக்குன்னு மூடி விடுறாங்களே. அன்னிக்கு வாடகைக்கு எடுத்து ஆசை தீர ஓட்டு. யார் வேணாங்கறா?"

"பட்டறை ஞாயித்துக்கிழமை லீவுங்க. ஆசைக்கு இல்ல, வேலைக்குப் போக."

"மறுபடியும் விழுந்தா?"

"மறுபடியும் எழுந்திரிப்பேன். என் காசு, என் கை, என் வண்டி."

அவர் கோபப்படவில்லை. பயந்தார். அந்தப் பயத்தில் அன்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பை வைத்துக்கொண்டு இறக்கத்தில் இறங்க முடியாதே.

சனிக்கிழமை நான் தனியாகத்தான் கிளம்பினேன். வாசலைத் தாண்டுவதற்குள் அவரும் வந்தார். தெருமுனையில் ஹெல்மெட்டும் கையுமாக ரூபியெல் சேர்ந்துகொண்டான். "நான் இல்லாம போனா உங்க தலையில எதையாவது கட்டிருவாங்க அண்ணி."

ஓமைராவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கூரையிலிருந்து சைக்கிள்கள் வாழைத்தார் மாதிரி தொங்கின. உள்ளே நுழைந்ததுமே அல்சிதெஸ் கூடை வைத்த, நடுக்கம்பி தாழ்ந்த, ரோஜா நிறச் சைக்கிள் ஒன்றைத் தடவிக் கொடுத்தார்.

"இது பாந்தமா இருக்கு. ஏறி இறங்க சுலபம்."

"நம்ம மேட்டுல ஏத்திப் பாருங்க, பாந்தம் தெரியும். ஒரே ஒரு கியர்."

ரூபியெல் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த, பருத்த டயர் போட்ட மலைச் சைக்கிளைப் பிடித்து அமுக்கினான். அது எம்பி எம்பிக் குதித்தது. "ரோட்டுல எத்தனை குழி தெரியுமா? இதுதான் தாங்கும்."

"மேடேறும்போது நான் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஸ்பிரிங்குக்கே போயிரும், தம்பி. நான் எங்க வீட்டுக்குப் போவணும்."

நான் ஏற்கெனவே மனதில் குறித்துவைத்தது சுவரோரம் நின்றது. சாம்பல் நிற ஹைப்ரிட். பந்தயச் சைக்கிள் மாதிரி குனிந்து சாக வேண்டாம், மலைச் சைக்கிள் மாதிரி இழுத்துச் சாகவும் வேண்டாம். நேரான ஹேண்டில்பார், நடுத்தர டயர், மேட்டுக்குப் போதுமான கியர், மட்கார்டு போட இடம். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முதுகு நிமிர்ந்து இருந்தது, கால் எட்டியது. இதுதான் என்றேன்.

"ப்ரேக் எது வேணும்?" என்றாள் ஓமைரா. அவளுக்கு என் வயதுதான் இருக்கும், விரல் நகமெல்லாம் கிரீஸ். "இதே வண்டி மூணு மாதிரி வருது. ரிம்முல ரப்பர் கட்டை பிடிக்கிறது. கேபிள் இழுக்கிற டிஸ்க். எண்ணெயில வேலை செய்யுற ஹைட்ராலிக் டிஸ்க்."

"ரப்பர் வேணாம்" என்றேன். "மேலேருந்து மழையில இறங்கறவ நான். ஈர ரிம்முல அது பிடிக்கிறதுக்குள்ள நான் கீழே போய்ச் சேந்துருவேன்."

"அப்ப கேபிள் டிஸ்க் எடுங்க" என்று ரூபியெல் நடுவில் புகுந்தான். "எண்ணெய் வெச்சது வேணாம். காத்து பூந்தா எண்ணெய் மாத்தணும், அதுக்குன்னு கடைக்கு ஓடணும். கேபிள்னா ஒரு ஸ்பேனர் போதும், நானே வீட்டுல பாத்துருவேன்."

அல்சிதெஸ் முகம் மலர்ந்தது. "அதுவும் சரிதானே, லுஸ்? வீட்டுலயே ஆள் இருக்கான்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கேபிள் டிஸ்க்கே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓமைரா, பூட்டிக் கொடுக்கும் முன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

"முன் ப்ரேக் எந்தக் கைக்கு வெக்கட்டும்? வழக்கமா இடக்கை. மோட்டார் சைக்கிள்காரங்க மாத்தி வலக்கைக்குக் கேப்பாங்க, அதான் கேக்கறேன்."

நான் வாய் திறப்பதற்குள் ரூபியெல் சொன்னான்:

"வலக்கைக்கே போடுங்க. பழைய வண்டியிலயும் நான் அப்படித்தானே மாத்தி வெச்சேன்."

கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எப்ப மாத்தினீங்க?"

"அதான் அண்ணி, நீங்க விழறதுக்கு முந்தின நாள். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தேன்ல, வண்டி எண்ணெய் காணாம கிடந்துச்சு, செயினைத் துடைச்சு, ப்ரேக் கேபிளையும் சரியான கைக்கு மாத்திவிட்டேன். எந்த மோட்டார் சைக்கிளா இருந்தாலும் வலக்கைதானே முன்..."

அப்போதுதான் அவன் சொல்வது அவன் காதிலேயே விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலைதான் நான் இறங்கியது. தெருவின் மேல்பகுதியில் இரண்டு கையாலும் லேசாகப் பிடித்தபடி வந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் நாய் வந்ததும் வலக்கையை இறுக்கினேன். பின்சக்கரம் என்று நினைத்து முன்சக்கரத்தை, ஈரத்தில், திருப்பத்தில். என் கை மாறவில்லை. என் கைக்குக் கீழே வண்டியை மாற்றியிருக்கிறான்.

"மூணு மாசம்" என்றேன். "மூணு மாசமா பின் ப்ரேக்கத்தான் பிடிச்சேன்னு சொல்றேன். நீங்க எனக்குப் பேரு வெச்சுச் சிரிச்சீங்க. என்னையே நான் நம்பாம போயிட்டேன். தெரியுமா?"

"நல்லதுக்குத்தான் அண்ணி..."

அல்சிதெஸ் வழக்கம்போல நடுவில் வந்தார். "சரி விடு லுஸ், அவன் வேணும்னா செஞ்சான்?"

"நீங்களும் பேசாதீங்க. பொண்டாட்டி சொன்னதுல ஒரு சொல்லையாவது நம்பியிருந்தா அந்தச் சைக்கிளைத் திருப்பிப் போட்டுப் பாத்திருப்பீங்க. கேபிள் எங்க போவுதுன்னு கண்ணால பாத்தா தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓமைராவைப் பார்த்தேன்.

"ஹைட்ராலிக் குடுங்க. முன் ப்ரேக் இடக்கைக்கு. ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வர்றவங்க யாரும் அவுத்து மாத்த முடியாதுல்ல?"

"அவுத்தா எண்ணெய் ஒழுகும், ப்ரேக் செத்துரும்" என்றாள் ஓமைரா. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "உடனே தெரிஞ்சிரும்."

"அதான் வேணும்."

ரூபியெலுக்கு மானம் போய்விட்டது. போன மானத்தைப் பிடிக்க, அவள் பூட்டிக் கொடுத்த வண்டியை என்னை முந்திக்கொண்டு சந்தில் உருட்டிப் போனான். "நான் ஓட்டிப் பாத்துச் சொல்றேன். இந்த எண்ணெய் ப்ரேக்கெல்லாம் சும்மா பேருக்கு." நாலு மிதி மிதித்தான், திரும்பினான், எங்களை நோக்கி வேகமாக வந்தான். எங்கள் முன்னால் ஸ்டைலாக நிறுத்த வேண்டும். வருஷக்கணக்காக மோட்டார் சைக்கிள் கிளட்சையே பிடித்துப் பழகிய இடக்கை. யோசிக்காமல் முழுசாக இறுக்கியது. முன்சக்கரம் அப்படியே நின்றது. பின்சக்கரம் எழும்பியது. ரூபியெல் ஹேண்டில்பாரைத் தாண்டிச் சேற்றுக் குட்டையில் உட்கார்ந்தான்.

முதலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். கீறல் இல்லை. பிறகு அவனுக்குக் கை கொடுத்தேன்.

"பாத்தீங்களா?" என்று கத்தினான், கால்சட்டையிலிருந்து சேறு வழிய. "இதுக்குத்தான் சொன்னேன், வலக்கைக்குப் போடணும்னு!"

"உங்க கைக்கு அது. என் கைக்கு இது. பழக்கமில்லாத ப்ரேக்க வெச்சா என்ன ஆவும்னு இப்ப உங்க உடம்புக்கே தெரியும். இடக்கைக்குன்னு நான் சொன்னது உங்க காதுலயாவது விழுந்துச்சு. எனக்கு யார் சொன்னது?"

அவன் கால்சட்டைச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை காலைல அர்செசியோ கடையில காபி குடிப்பீங்கல்ல? நான் வருவேன். எங்க வெச்சு எனக்குப் பேரு வெச்சீங்களோ, அங்கேயே சொல்லணும்."

திங்கட்கிழமை தூறியது. அல்சிதெஸ் வாசல்வரை வந்தார். என் பையை முதுகில் மாட்டிவிட்டு, குனிந்து ப்ரேக் குழாய்களை விரலால் தொடர்ந்து பார்த்தார். இடது முன்னுக்கு, வலது பின்னுக்கு. "சரியா இருக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இதை அன்றே செய்திருக்கலாம். இருந்தாலும் செய்தார்.

வளைவு கண்ணில் பட்டது. பொய் சொல்லவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றே ஒரு நிமிஷம் தோன்றியது. கடை வாசலிலிருந்து ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். "டேய், சறுக்கு ராணி வர்றாங்க! காபியைத் தூக்கிக்கிட்டு ஒதுங்குங்கடா!"

ஒதுங்கினார்கள். நான் வலக்கையை அழுத்தி, இடக்கையை மெல்லச் சேர்த்து, வளைவை முடித்து, நேராக அவர்களை நோக்கி வந்து, கடைப்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். சக்கரம் சத்தம்கூடப் போடவில்லை. ரூபியெலின் பூட்ஸ் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே இருந்தது.

"அர்செசியோ அண்ணா, ஒரு கறுப்புக் காபி. சீனி வேணாம்."

காபி வந்தது. ரூபியெல் தன் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ தொண்டையைச் செருமினார்கள். பட்டறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆகட்டும் என்று சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றி, மழையில் நனைந்துகொண்டு குடித்தேன். கோப்பை காலியானதும் அவன் முன் நீட்டினேன்.

"இன்னொரு காபியும் குடிப்பேன், தம்பி. எனக்கு அவசரமில்ல."

அவன் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

"ப்ரேக்க மாத்தி வெச்சது நான்" என்றான், தரையிடம். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி: "முன்னும் பின்னும் மாத்திட்டேன், அவங்ககிட்ட சொல்லவும் இல்ல. அவங்க சரியாத்தான் பிடிச்சாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தூக்கிவிட்டவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அப்ப அந்தப் பேரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அத இவருக்கே குடுத்துருங்க" என்றேன். "சனிக்கிழமை கால்சட்டையில சேறு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க, சொல்லுவாரு."

கடை வாசலே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் நான் கிளம்பிவிட்டேன். கீழே இன்னும் பாதி இறக்கம் இருந்தது, மழை கனக்க ஆரம்பித்திருந்தது. வலக்கையை லேசாக அழுத்தினேன். பின்சக்கரம்தான் பிடித்தது.