மூக்கு திறந்த நேரம்

பூந்துகள் பறக்கும் பருவம் வந்துவிட்டால், எங்கள் வீட்டில் மூக்கு என்பது முகத்தில் மாட்டிய வெறும் அலங்காரம். நான் தும்மினால் அடுத்த தெரு நாய் குரைக்கும். என் மனைவி தும்மினால் அந்த நாய் ஊரைவிட்டே ஓடும். துகள் உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல், கதவு, இண்டு இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்துவிட்டோம்.

அன்று காலை ஆவி பிடிக்க அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, அவள் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். நான் குளியலறையில், காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கில் வழியவிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன வைத்தியம். தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, கரையில் விழுந்த மீன் மாதிரி நிற்கவேண்டும். கொட்டியது, ஒரு சமுத்திரமே கொட்டியது! திடீரென்று அடைப்பு விட்டது. சோப்பு மணத்தது. ஆஹா என்று இன்னொரு மூச்சு இழுத்தேன்.

கேஸ் வாடை.

சமையலறையை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. திருகு மட்டும் திறந்தபடியே. கூடத்திலிருந்து எழுந்து வந்த அவள் லைட்டரோடு அடுப்பின் முன்னால் நின்றாள்.

"ஏய், பத்த வெக்காதே! கேஸ் லீக்!"

"வேற வேலையே இல்லியா உங்களுக்கு? நேத்து பல்லியப் பாத்து முதலைன்னீங்க."

"சத்தியமா வாடை அடிக்குதுடி!"

"அந்த மூக்குக்கா? அது செத்து ஒரு மாசமாச்சு."

லைட்டர் அடுப்பை நெருங்கியது. என் முழங்கால்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவை. அன்று எப்படி ஓடினேன் என்று அவற்றைத்தான் கேட்கவேண்டும். இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"நெஜமாவாங்க?"

திருகை மூடினேன். அவள் கை காற்றாடி சுவிட்சுக்குப் போனது.

"ஐயோ, சுவிட்சத் தொடாதே!"

அடைத்திருந்த துணிகளை உருவி எறிந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசலுக்கு ஓடினோம். அங்கே நின்ற மரம் பூந்துகளை மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தும்மித் தும்மி இரண்டு பேர் மூக்கும் பழையபடி அடைத்துக்கொண்டது.

"போயிடுச்சாங்க?"

"தெரியலையே."

"மோந்து பாருங்க."

"எத வெச்சு?"

பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டதும் அவர் இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும் கழுத்தை நீட்டி நீட்டி, அறை அறையாக மோந்துகொண்டே போனார். எங்கள் உயிர் அவர் மூக்கு நுனியில் தொங்கியது.

"ஒண்ணும் இல்ல, வாங்க!" என்றார் உள்ளிருந்து.

நாங்கள் அசையவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல் சொன்னாள்:

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க... இன்னொரு தடவ மோந்துடுங்களேன்."