பெரிய வெள்ளிவரை காத்திருந்தவன்

கசிமிரோ கொடுக்க வேண்டியிருந்தது இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது பொலிவியானோ. கடைக்காரர் வலெரியானோவின் பலகையில் அந்த வாரம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டருக்கு எழுதியிருந்த விலை அது. கசிமிரோவுக்கு எழுத்துத் தெரியாது. நானும் அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தேன். நான்தான் படித்துச் சொன்னேன். முந்தைய மாதம் அதே சிலிண்டர் தொள்ளாயிரம்.

நுரையீரல் நோய் ஊரைச் சுற்றிய வருடம். கசிமிரோவின் மனைவி நிகோலாசாவும் நானும் தகரச் சுரங்கத்தின் கழிவு மேட்டில் கல் உடைத்துத் தாது பொறுக்குகிறவர்கள். ஒரே குவியலில் உட்கார்ந்து ஒரே பானையில் தின்றவர்கள். பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை காலையில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்தது. நகரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு குழாயையும் மூக்குமூடியையும் கையில் கொடுத்து, காற்றுக்கு நீங்களே வழி பாருங்கள் என்றாள்.

கசிமிரோ வலெரியானோவிடம் போய்க் கெஞ்சினான். பொதி சுமக்கும் இரண்டு லாமா ஆடுகளைத் தருவதாகச் சொன்னான், ரேடியோவைத் தருவதாகச் சொன்னான், வரப்போகிற கூலியையும் சொன்னான். கடைக்காரர் பலகையைக் காட்டினார். கொட்டகையில் சிலிண்டர்கள் வரிசையாக நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினான். அந்தக் கொட்டகையின் பின்சுவர் பச்சை மண்கட்டி. மழைக்கு ஊறிப் பாதி சரிந்திருந்தது.

"சுவத்தைத் தள்ளி ஒண்ணை எடுத்துட்டு வா, தம்பி. நான் கூட வர்றேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வரட்டும்க்கா. அன்னிக்கு ஆண்டவர் செத்துக் கிடப்பாரு. பார்க்க மாட்டாரு."

எங்கள் ஊரில் அப்படித்தான். பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்குமேல் எடுப்பது திருட்டுக் கணக்கில் சேராது என்பார்கள். அன்று அடுத்தவர் வயலில் நாலு உருளைக்கிழங்கு தோண்டாத வீடு கிடையாது. மறுநாள் "என் கோழி ருசியா இருந்துச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பங்குச்சாமியின் விறகும் வருஷா வருஷம் குறையும். ஆனால் கசிமிரோ அந்த நாளில்கூட ஒரு கிழங்கு தொட்டவனில்லை. அன்றைய ஊர்வலத்தில் ஆண்டவர் சுரூபம் வைத்த சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கிறவர்களில் ஒருவன். நான் திட்டினேன், அழுதேன். அவன் அசையவில்லை. தனியாக அந்த இரும்பை என்னால் தூக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி அடித்ததும் போய்ச் சுவரைத் தள்ளி ஒரு சிலிண்டரை எடுத்துவந்தான். காற்று ஏறியதும் நிகோலாசா கண் திறந்து கொஞ்சம் கஞ்சி கேட்டாள். சனிக்கிழமை, உயிர்ப்பு மணி அடிப்பதற்கு முன்னால் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு கசிமிரோ பங்குச்சாமியான அர்செனியோ சாமியிடம் போனான். பாவசங்கீர்த்தனம் இல்லை. கோயில் முற்றத்து வெயிலில் நின்றுதான் பேசினான். நானும் இருக்க வேண்டும் என்றான். நடந்ததைச் சொல்லி, இது திருட்டில் சேருமா சேராதா என்று கேட்டான். சாமி நல்ல மனிதர். அழுதுகொண்டு நின்றவனைத் தேற்ற அவசரப்பட்டார். உயிர் போகிற நேரத்தில், மிஞ்சி வைத்திருக்கிறவனிடமிருந்து தேவையானதை எடுப்பது திருட்டே ஆகாது என்றார். திருச்சபை பல நூறு வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறதாம். காலிச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

"எந்த நாளா இருந்தாலும் பாவமில்லப்பா."

"எந்த நாளா இருந்தாலுமா, சாமி?"

"ஆமா."

"புதன்கிழமையுமா?"

அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்த சாமியின் கை அப்படியே நின்றது. முன்னமே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்று மெல்லச் சொன்னார். அதுவும் உண்மைதான். கசிமிரோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு பூசைக்கு வந்தால் கதவோரம் நிற்பான். நற்கருணை அப்பம் வாங்க முன்னால் போகமாட்டான். சுரங்கத்தில் பகல் வேலையோடு ராத்திரி வேலையும் சேர்த்துப் பார்த்தான். பலகையில் போட்ட விலையை முழுசாகக் கட்டப்போகிறேன் என்றான். அந்த விலையே அநியாயம், காலிச் சிலிண்டர் போதும் என்று சாமியே சொன்னாரே என்றேன்.

"திருட்டாவே இருந்துட்டுப் போகட்டும்க்கா" என்றான். "திருட்டுன்னா நான் காத்திருந்ததுக்கு ஒரு காரணமாச்சும் இருக்கும். திருட்டே இல்லன்னா, அவளை எதுக்கு ரெண்டு நாள் மூச்சுமுட்ட வச்சேன்?"

நான் சுத்தியலைக் கையில் எடுத்தேன். கல்லை உடைத்தேன்.

அடுத்த வருடம் பணம் சேர்ந்தது. கட்டுவதற்குப் பரிசுத்த வாரத்துப் புதன்கிழமையை அவன்தான் தேர்ந்தெடுத்தான். காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்து, பணத்தைத் துணியில் முடிந்துகொண்டு வந்தான். நானும் கூடப் போனேன். வலெரியானோவுக்கு முதலில் விளங்கவில்லை. சுவர் இடிந்தது ஞாபகம் வந்ததும் முகம் மாறியது.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்றார்.

"கேட்டேனே, முதலாளி" என்றான் கசிமிரோ. குரலில் கோபம் இல்லை.

கடைக்காரர் தொள்ளாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவன் பக்கம் தள்ளினார். கசிமிரோ அதைத் தொடவில்லை. மேசைமேல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினோம். அப்போதும் அவன் முகம் தெளியவில்லை.

பெரிய வெள்ளியன்று சவப்பெட்டி தூக்குகிறவர்கள், ஒருவர் முன்னால் ஒருவர் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தோள் கொடுப்பார்கள். அந்த வெள்ளியன்று கசிமிரோ தூணோரம் ஒதுங்கியே நின்றான். "இவன் வரலன்னா பெட்டி ஒரு பக்கமா சாயும், ஆண்டவர் உருண்டு விழுவாரு" என்று ஒருவன் முணுமுணுத்தான். அர்செனியோ சாமி அங்கியோடு நடந்துபோய்க் கசிமிரோவின் முன்னால் மண்டியிட்டார்.

"சரின்னு நம்பினதைத்தான் நீ செஞ்ச. தெரியாம செஞ்சதுக்கு ஆண்டவர் உன்கிட்ட கணக்குக் கேக்கமாட்டாரு. சொல்லிக்குடுக்க வேண்டியவன் நான். இத்தனை வருஷமா இந்த வெள்ளிக்கிழமைக் கதையைக் கேட்டுச் சிரிச்சேன். ஒரு நாளும் பிரசங்கத்துல தப்புன்னு சொல்லல. அந்த ரெண்டு நாளும் என் கடன், கசிமிரோ. நீ கட்டாத. என்னை மன்னிச்சிரு."

ஆண்டவர் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்பதுதான் வழக்கமான பதில். கசிமிரோ அதைச் சொல்லவில்லை. சாமிக்கு முழங்கால் வலி உண்டு.

கசிமிரோ குனிந்து அவர் முழங்கையைப் பிடித்தான்.

"எழுந்திருங்க, சாமி. தரை சில்லுன்னு இருக்கு. கடன் தீர்ந்துச்சு."

பிறகு பெட்டியின் இடது முன்கம்புக்குப் போய்த் தோளைக் கொடுத்தான்.